சங்க வண்டியும் மழைக் காலமும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்று வண்டி வாங்குவதென்றால் அது ஊரறிந்த செய்தியாகிவிடும். மகாசபையில் தீர்மானம் நிறைவேறும். கடன் மனு போகும். வண்டி வந்து நின்றதும் மாலை சூட்டித் தேங்காய் உடைப்பார்கள். இவை யாவும் மகிழத்தக்கனவே. ஆனால் அவ்வண்டி பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடித் தேய்ந்த பின்னர் அதனை எவ்வாறு பேணுவது என்பது பற்றி எந்த மகாசபையும் ஐந்து நிமிடம் பேசியதாக நாம் அறியோம். சங்கங்களின் ஏடுகளைப் பார்வையிடுவதே நமது தொழில். அந்த ஏடுகளில் டீசல் செலவு உண்டு, டயர் செலவு உண்டு; முகப்புக் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பருக்கு ஒரு வரி இருப்பதைக் காண்பது அரிது. அற்பமென்று கருதப்படும் அந்த உறுப்பைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகின்றோம். மலை நாட்டுச் சங்கங்களுக்கு அது அற்பமானதன்று.

பாதையின் இயல்பு

கொல்லிமலைக்குக் காரவல்லியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை நாடே அறியும். மேலே உள்ள ஊர்கள் கடல் மட்டத்திற்கு 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்தவை. அரியூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து வாழும் அம்மலை மக்களின் விளைபொருள் பெரும்பாலும் இத்தகைய மலைப் பாதைகளின் வழியாகவே இறங்கியாக வேண்டும். மலையில் மழைக்கு ஒரு பருவம் மட்டும் சொந்தமன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவ மழை கொட்டும். ஏனைய மாதங்களிலும் பிற்பகலில் மேகம் வந்து சாலையின்மேல் படுத்துக்கொள்ளும். கீழே காரவல்லியில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, பாதி மலையில் வண்டியின் கண்ணாடி நனைந்து மங்கிவிடும். ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறும் நாட்களிலோ இதே வளைவுகளில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும்.

இவ்வழியே இறங்கும் பொருள்கள் எவை? மிளகும் காபிக் கொட்டையும் ஒரு நாள் தாமதித்தாலும் கெடமாட்டா. ஆனால் நனைந்தால் கெடும். அன்னாசி, வாழை, பலா ஆகியவை தாமதத்தையும் பொறுக்கமாட்டா. சோளக்காட்டுச் சந்தையில் ஏற்றிய பழம் மறுநாள் நாமக்கல்லிலோ சேலத்திலோ இருந்தால்தான் விலை. மரவள்ளிக் கிழங்கின் செய்தி இன்னும் கண்டிப்பானது. தோண்டிய இரண்டு, மூன்று நாட்களில் கிழங்கு உள்ளே கறுக்கத் தொடங்கிவிடும். ஆலைக்குப் போய்ச் சேர வேண்டியது அதற்குள்ளாகத்தான். சேலத்தில் 1981-ஆம் ஆண்டில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது ஜவ்வரிசிக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டுமென்பதற்காக. அந்த விலையின் பலன் மலையுச்சியில் கிழங்கு தோண்டுபவனுக்கும் எட்ட வேண்டுமானால், கிழங்கு கெடாமல் கீழே வரவேண்டும். சந்தை, ஆலை, சங்கம் ஆகிய மூன்றையும் இணைக்கும் கயிறு ஒரு பழைய வேன். அவ்வேனின் ஓட்டுநர் கண்ணாடி வழியே சாலையைப் பார்க்க முடிகிறதா என்பதே கேள்வி.

தறி நெய்யும் அங்கத்தினர்கள் இது தங்களுக்குரிய செய்தியன்று என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கிய நாள் முதல், நெய்த துணி சங்கத்திலிருந்து கிடங்கிற்கும், நூல் கிடங்கிலிருந்து சங்கத்திற்கும் ஏதோ ஒரு வண்டியில்தான் போய் வருகின்றன. தீபாவளிச் சரக்கு அனுப்பும் நாட்களும் அடைமழை நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. சமவெளிச் சாலையிலும் மழை இரவில் எதிரே லாரி வந்தால் கண் கூசும். கண்ணாடியில் நீர்த்திரை நின்றால் அக்கூச்சம் இருமடங்காகும்.

ஒரு கணக்கு

வைப்பர் ஓடத்தானே செய்கிறது, சற்று மெதுவாக ஓடினால் என்ன, என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குக் காட்டுவோம். வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். ஒரு விநாடிக்கு அது ஏறத்தாழ 5½ மீட்டர் நகர்கிறது. வைப்பர் நிமிடத்திற்கு 45 முறை போய்த் திரும்பினால், ஒரு சுற்றுக்குள் வண்டி கடக்கும் தூரம் ஏறத்தாழ 7½ மீட்டர். அதே வைப்பர் களைத்து நிமிடத்திற்கு 25 முறையே ஓடினால், அத்தூரம் 13 மீட்டருக்கு மேலாகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிர்வரும் பேருந்தின் முகம் தெரிவதே சிறிது தூரத்திற்குள்தான். அமெரிக்க நாட்டின் விதியில் வைப்பருக்குக் குறைந்தது இரண்டு வேகங்கள் வேண்டும், விரைந்த வேகம் நிமிடத்திற்கு 45 சுற்றுக்குக் குறையலாகாது என்று வரையறுத்திருப்பது காரணமின்றியன்று. மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது வழக்கம். வழிவிடுவதற்கு முதலில் எதிரே வருவது தெரிய வேண்டுமன்றோ?

நோயின் இடம் எது?

பழைய வண்டியில் வைப்பர் மெதுவாக ஓடினால், மோட்டார் கெட்டுவிட்டது என்று கூறி அதை மாற்றுவதே வழக்கமாக இருக்கிறது. புது மோட்டார் போட்டும் சில வாரங்களில் அதே தளர்ச்சி வந்துவிடும். நோய் பெரும்பாலும் மோட்டாரில் இல்லை. மோட்டாருக்கு மின்சாரம் வந்து சேரும் வழியில் இருக்கிறது.

உழவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஏரியில் நீர் நிறைந்திருக்கலாம். வாய்க்கால் தூர்ந்தும் கரை கசிந்தும் இருந்தால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? பாட்டரியே ஏரி, வைப்பர் மோட்டார் கடைமடை வயல். இடையில் மின்சாரம் சாவி ஸ்விட்சின் வழியாகவும், ஃப்யூஸ் பெட்டியின் வழியாகவும், வைப்பர் ஸ்விட்சின் வழியாகவும், மெல்லிய நீண்ட வயர்களின் வழியாகவும் சுற்றி வருகிறது. பதினைந்து ஆண்டு மழையிலும் புழுதியிலும் ஒவ்வொரு இணைப்பும் கறுத்துப் பச்சை பூத்திருக்கும். திரும்பிச் செல்லும் வழியோ வண்டியின் இரும்பு உடலே. அங்கே துருவும் பெயிண்டும் மறித்து நிற்கும்.

எடுத்துக்காட்டாக, ஓடும்போது மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கிறது என்றும், வழியிலுள்ள தடை எல்லாம் சேர்ந்து 0.4 ஓம் என்றும் கொள்வோம். பெருக்கினால் 2 வோல்ட். 12 வோல்ட் வண்டியில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே வற்றிவிட்டது. மழை பெய்யும் மாலையில் முன்விளக்கும் எரிந்து, காற்று விசிறியும் ஓடி, அவையும் அதே சாவி ஸ்விட்சின் வழியாக இழுத்தால், வற்றுவது இன்னும் மிகுதியாகும். வைப்பர் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அது மிகவும் களைக்கிறது.

இதனைக் கண்டறிய ஊகம் வேண்டா. ஒரு மல்டிமீட்டர் போதும். கண்ணாடியை நனைத்து, வைப்பரை ஓடவிட்டு, பாட்டரியின் இரு முனைகளில் ஒரு முறையும், மோட்டாரின் இரு முனைகளில் ஒரு முறையும் வோல்ட் பார்க்க வேண்டும். இரண்டிற்கும் அரை வோல்ட்டுக்குமேல் வேறுபாடு இருந்தால் வழியில் கசிவு உண்டு. பிறகு பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே பார்த்தால், குறை போகும் வழியிலா, திரும்பும் வழியிலா என்பதும் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை இது.

சிறிது பழங்கதை

வைப்பர் எவ்வாறு வந்தது என்பதும் நாம் அறியத்தக்கதே. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் அம்மையார், வண்டிக்குள் இருந்தபடியே கையால் இயக்கும் கண்ணாடித் துடைப்பானுக்கு 1903-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். நியூயார்க் நகரில் பனி பெய்யும் நாளில் டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடியோடு படும் பாட்டைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் உதித்தது என்பர். அதனால் அவருக்குப் பொருள் வரவில்லை. பின்னர், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் விசையால் ஓடும் வைப்பர்கள் பல ஆண்டுகள் வழக்கில் இருந்தன. அவற்றில் ஒரு பெருங்குறை உண்டு: ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சும் விசை குறைந்து, வைப்பர் தயங்கி நின்றுவிடும். மலைச் சாலைக்கு அது உதவாத சாதனம். மின்சார வைப்பர் வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது. ஆனால், வயர்களைக் கவனியாது விட்டு, மின்சார வைப்பரையும் அந்தப் பழைய வைப்பரைப் போலவே தளரச் செய்வது அறிவுடைமையாகுமா?

செய்யத்தக்கது என்ன?

செய்ய வேண்டிய திருத்தம் மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதலாவது, மோட்டாரின் திரும்பும் வழி. மோட்டாரின் உடலிலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கோ, சுரண்டித் தூய்மை செய்த சட்டப் பகுதிக்கோ தனியாக ஒரு தடித்த வயர் போடுவது. பல வண்டிகளில் இந்த ஒன்றாலேயே வைப்பருக்கு உயிர் வந்துவிடும்.

இரண்டாவது, ரிலே. பாட்டரியிலிருந்து புதிய தடித்த வயர் ஒன்றை, பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ் வைத்து, ஒரு ரிலேயின் வழியாக வைப்பர் வயரிங்குக்குக் கொண்டு வருவது. சாவி ஸ்விட்சிலிருந்து வரும் பழைய வயர் இனிமேல் மோட்டாரின் முழுப் பாரத்தையும் சுமக்காது. ரிலேயைத் திறந்து மூடும் சிறு மின்சாரத்தை மட்டுமே சுமக்கும். மதகைத் திறக்க ஒரு கைதான் வேண்டும். நீர் பெருவாய்க்காலில் போகும். சாவியை எடுத்துவிட்டால் ரிலே தானே விட்டுவிடுமாதலால், வண்டி நிற்கும்போது பாட்டரி வற்றாது. இம்முறையில் வைப்பர் ஸ்விட்சும் அதற்கு அப்பாலுள்ள இணைப்புகளும் மாறுவதில்லை. ஆகவே ஸ்விட்சை நிறுத்தினாலும் வைப்பர் தானாகக் கீழே போய்ப் படுக்கும் ஏற்பாடு கெடாது. வைப்பர் ஸ்விட்சுக்கு அப்பாலும் ரிலேக்களை வைத்து மாற்றலாம். ஆனால் இரண்டு வேக மோட்டார்களில் அதனைத் தவறாக இணைத்தால் மோட்டார் எரியும். வண்டிக் கம்பெனியின் வயரிங் படம் கையில் இல்லாமல் அதில் இறங்க வேண்டா.

மூன்றாவது, விட்டுவிட்டு ஓடும் ஏற்பாடு. மூடுபனியில் கண்ணாடி சிறிது சிறிதாகவே நனையும். அப்போது வைப்பர் இடைவிடாது ஓடினால் உலர்ந்த ரப்பர் கண்ணாடியைக் கீறும், நிறுத்திவிட்டால் மங்கும். சில விநாடிகளுக்கு ஒரு முறை ஓடச் செய்யும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. முதல் இரண்டும் இன்றியமையாதவை; இது விரும்பத்தக்கது.

சில எச்சரிக்கைகளும் கூற வேண்டும். சிறு வேன்கள் பெரும்பாலும் 12 வோல்ட். பெரிய லாரிகள் 24 வோல்ட். ரிலே வண்டிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் என்று கம்பெனி குறித்திருக்கிறதோ அதையே போட வேண்டும். வைப்பர் எங்கேனும் சிக்கி நின்றால் மோட்டார் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். அப்போது அறுந்து காப்பதே ஃப்யூஸின் கடமை. ஃப்யூஸ் போன இடத்தில் செப்புக் கம்பி சுற்றும் வழக்கம் வண்டிக்குத் தீ வைக்கும் வழக்கமாகும். மின்சாரத்தைத் திருத்துவதற்கு முன், வைப்பரின் கை இணைப்புகளில் புஷ் தேய்ந்து இறுகியிருக்கிறதா என்று பார்த்து எண்ணெயிட வேண்டும்; வெயிலில் விறைத்த ரப்பரை மாற்ற வேண்டும். கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்றால் மங்குவதை எந்த வைப்பரும் துடைக்காது. அதற்குக் காற்று விசிறி ஓட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அடர்ந்த மூடுபனியை வைப்பர் விலக்கிவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. அவ்வேளையில் ஒதுங்கி நிற்பதே முறை. வைப்பர் தரும் உதவி, நிற்க வேண்டிய இடத்தைக் காணும் உதவி.

மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகளை நாம் கேட்டிருக்கின்றோம்.

"நம் ஓட்டுநர் இருபது ஆண்டு அனுபவசாலி, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்" என்பது ஒன்று. இது ஓட்டுநரைப் புகழ்வது போன்ற சொல். உண்மையில் அவர்மேல் சங்கத்தின் கடமையைச் சுமத்துவது. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மற்றொரு கையால் சன்னல் வழியே துணி நீட்டித் துடைத்துக்கொண்டு வளைவில் இறங்குவது திறமையன்று, கதியின்மை. பாவு நூல் நைந்திருக்கக் கண்டும் நெசவாளியின் கைத்திறனை நம்பித் தறியில் ஏற்றுவோமா?

"இது பழைய வண்டி, புது வண்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது இரண்டாவது. புது வண்டிக்குக் கடன் கிடைக்க எத்தனை பருவம் ஆகுமோ அத்தனை பருவமும் இந்தப் பழைய வண்டிதான் மலையிறங்கப் போகிறது. ரிலே, ஃப்யூஸ், சில மீட்டர் வயர், கூலி ஆகிய எல்லாம் சேர்ந்தாலும் ஒரு புது டயரின் விலையை எட்டாது.

"தணிக்கையில் ஆட்சேபணை வரும்" என்பது மூன்றாவது. இதனை எழுதும் நாமே அந்தப் பணியில் இருப்பதால் இதற்கு விடை கூறும் உரிமை நமக்கு உண்டு. தேவையான பழுதுபார்ப்பை எந்தத் தணிக்கையும் ஆட்சேபிப்பதில்லை. தீர்மானம் இல்லாத செலவு, ரசீது இல்லாத செலவு, கழற்றிய பழைய மோட்டார் எங்கே போயிற்று என்று பதிவேட்டில் காணாத செலவு, இவையே ஆட்சேபிக்கப்படும். துணைவிதிகள் அனுமதிக்கும் வரம்பிற்குள் மதிப்பீடு பெற்று, கமிட்டியில் பதிந்து, ரசீதை இணைத்து, வண்டிப் பதிவேட்டில் குறித்துவிட்டால் ஒரு பேச்சும் எழாது. ஆட்சேபணைக்கு அஞ்சிச் செய்யாமலே இருப்பது எளிது. ஆனால் செய்யாததற்கு வரும் விலையை எந்தத் தணிக்கையாலும் பிறகு ஈடுகட்ட முடியாது.

சட்டமும் நம் பக்கமே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், முன்கண்ணாடியுள்ள வண்டிக்கு விசையால் இயங்கும் செம்மையான வைப்பர் இருக்க வேண்டும் என்று 101-ஆம் விதி கூறுகிறது. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும். தகுதிச் சான்று வாங்கும் நாளன்று காய்ந்த கண்ணாடியில் இரண்டு முறை அசைந்து காட்டிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகின்றனர். சான்று வழங்குபவருக்காக மழை பெய்வதில்லை. 40-ஆவது வளைவில் பெய்கிறது.

ஆகவே நமது கருத்து

மலையிலும் சமவெளியிலும் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும், லேம்ப் என்று மக்கள் வழங்கும் மலைவாழ் மக்கள் பெரும் பலநோக்குச் சங்கங்களும் உட்பட, புரட்டாசி முடிவதற்குள் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும். ஓட்டுநரைக் கமிட்டிக் கூட்டத்திற்கு அழைக்க வேண்டும். நின்றுகொண்டு பதில் சொல்ல அன்று, உட்கார்ந்து பேச. கண்ணாடி, வைப்பர், விளக்கு, பிரேக், டயர் ஆகிய ஐந்தைப் பற்றியும் அவர் கூறுவதைக் காரியதரிசி அப்படியே எழுத வேண்டும். ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து வோல்ட் அளந்து அதே தாளில் குறிக்க வேண்டும். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் அருகிலிருக்க, வயரிங் அறிந்த கைகளுக்கு இம்மாவட்டத்தில் பஞ்சமில்லை. அந்தத் தாளின்மேல் தீர்மானம் நிறைவேற்றித் திருத்தம் செய்தபின், மீண்டும் அளந்து எழுத வேண்டும். அடுத்த ஆண்டு புரட்டாசியில் அதே தாளை எடுத்தால், வாய்க்கால் மீண்டும் தூர்ந்திருக்கிறதா என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'வண்டிப் பராமரிப்பு' என்று ஒரு தனித் தலைப்பை மகாசபை கேட்டு வாங்க வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் தலைவரும் காரியதரிசியும் மட்டுமல்லர். வண்டியில் மூட்டை ஏற்றும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும்.

அரியூர் நாட்டு உழவர் தம் கிழங்கையும் பழத்தையும் சங்க வண்டியில் ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறார். சரக்கு நல்ல விலைக்குப் போகுமா என்ற கவலை அவருக்கு இருக்கும். அது சந்தையின் கையில். வண்டி பத்திரமாக இறங்குமா என்ற கவலையும் இருக்கும். அது சங்கத்தின் கையில்.